குத்தகை மாறும் மாதத்தில் கையெழுத்துக் கேட்டால்

மருத்துவமனையோ, கிளினிக்கோ, பள்ளிக்கூடமோ, எங்கே குத்தகைத் (கான்ட்ராக்ட்) துப்புரவு வேலை செய்தாலும் சரி. பழைய கம்பெனி போய்ப் புதிய கம்பெனி வரும் மாதத்தில் 'சூராட் லெத்தாக் ஜாவாத்தான்' (மலாயில் ராஜினாமா கடிதம்) என்று தலைப்பிட்ட தாளை யாராவது நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். முழுவதும் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி வேலையை விட்டு நிறுத்தினால் தரவேண்டிய எங்கள் பணம் ஒருவழியாக வங்கியில் விழுந்துவிட்டது. ஆனால் அந்தத் தாளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மலேசியாவில், பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஊர் எங்களுடையது. இங்கே அரசு மருத்துவமனையில் வார்டு துப்புரவு என் வேலை. என்னோடு வேலை செய்யும் பெண்களில் பலர் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர்கள், இல்லையென்றால் வெட்டியவர்களின் பிள்ளைகள். 1997-இல் அரசு மருத்துவமனைகளின் துப்புரவு, துணி வெளுப்பு, மருத்துவக் கழிவு எல்லாம் தனியார் கைக்குப் போனது. அன்றிலிருந்து எங்களைப் போன்றவர்கள் அரசாங்கக் கட்டடத்தில் வேலை செய்தும் அரசாங்க ஊழியர்கள் இல்லை. பெரிய கம்பெனிக்குக் கீழே சின்ன கம்பெனி, அதற்குக் கீழே நாங்கள். சின்ன கம்பெனி மாறும்போதெல்லாம் நாங்கள் 'புது ஆள்' ஆகிவிடுவோம்.

இதில் என்ன போகிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். சட்டப்படி ஐந்து வருடம் தாண்டியவருக்கு ஆண்டு விடுப்பு 16 நாள், மருத்துவ விடுப்பு 22 நாள். புது ஆளுக்கு 8 நாளும் 14 நாளும்தான். எங்கள் வார்டு அக்கா ஒருவர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய காலத்தில் வேலைக்கு வந்தவர். இப்போது பேரப்பிள்ளை எடுத்துவிட்டார். விடுப்புக் கணக்கில் அவரும் நேற்று வந்த பெண்ணும் ஒன்று. சம்பளமும் அப்படித்தான். 2013-இல் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட் என்று வந்தபோது எங்களுக்கு 900. 2022-இல் 1,500. 2025 பிப்ரவரியிலிருந்து 1,700. அரசாங்கம் ஏற்றினால் ஏறும், இல்லாவிட்டால் அப்படியே நிற்கும். எத்தனை வருடம் உழைத்தோம் என்பதற்கு அதில் ஒரு காசு கிடையாது. மஞ்சள் பையில் ரத்தக் கழிவைக் கட்டித் தூக்குகிற கைக்கு இது நியாயமா?

குத்தகை முடியும் வாரத்தில் சூப்பர்வைசர் எங்களை ஒவ்வொருவராகத் துணி அறைக்குக் கூப்பிட்டார். "சும்மா பேப்பர்தான் அக்கா. சைன் போட்டாதான் புது கம்பெனிக்குப் பேரு போவும்" என்றார். உள்ளே போன சிலர் பயந்து போட்டுவிட்டார்கள். மலாய் படிக்கத் தெரிந்த ஒரு தங்கச்சிதான் வெளியே வந்து, "அக்கா, நம்மளா வேலைய வுடறோம்னு எழுதியிருக்கு, போடாதீங்க" என்று சொன்னாள். அவளுக்கு நாங்கள் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம்.

தானாக வேலையை விட்டவருக்கு நிறுத்தப் பணம் கிடையாது. முதலாளி நிறுத்தினால் உண்டு. 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, குறைந்தது ஒரு வருடமாவது வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு உட்பட்டவருக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து வருடம் என்றால் 15 நாள், ஐந்துக்கு மேல் 20 நாள். அப்போது எங்கள் சம்பளம் 1,500. அப்படியானால் ஐந்து வருடம் தாண்டிய ஒருவருக்கு ஒவ்வொரு வருட உழைப்புக்கும் ஏறக்குறைய 1,000 ரிங்கிட் வரவேண்டும். அத்தனையும் அந்தத் துணி அறையில் ஒரு கையெழுத்தில் போயிருக்கும்.

இந்தப் பணத்தைக் கேட்டு வாங்க யூனியனில் (தொழிற்சங்கத்தில்) சேர்ந்தோம். சேருவது சுலபம்: விண்ணப்பப் பாரம், அடையாள அட்டை நகல், சந்தா, அவ்வளவுதான். பயத்தைப் போக்குவதுதான் கஷ்டம். 2020 ஜூன் 2-ஆம் தேதி ஈப்போவில் மருத்துவமனைத் துப்புரவுத் தொழிலாளர்களுக்காக வெளியே மறியலில் நின்ற ஐந்து பேரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். "நமக்கும் அதே கதிதான்" என்று வீட்டுக்காரர்கள் தடுத்தார்கள். கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தால் யாராவது போய்ச் சொல்லிவிடுவார்கள் என்று, பழைய லயத்துப் பக்கம் ஓர் அக்கா வீட்டுக்குப் பின்னால் கூடினோம். அங்கே பேச்சை மாற்றியவர் அந்த அக்காவின் மாமியார். தோட்டத்தில் சங்கத்துக்குச் சந்தா கட்டிய காலத்தைச் சொன்னார். "கங்காணிக்குப் பயந்தோம், கிராணிக்குப் பயந்தோம், ஆனா சந்தாவ நிறுத்தல. நீங்க எதுக்குடி பயப்படுறீங்க?" என்றார். அன்று இரவே பாரங்கள் நிரம்பின.

பிறகு ஆபிஸ் அலைச்சல். ஊரில் விவரம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிய ஒருவர் பேச்சைக் கேட்டு, சம்பளமில்லா விடுப்புப் போட்டு, இரண்டு பஸ் மாறிப் போய் நின்றது தொழில் உறவுத் துறை அலுவலகத்தில். கவுண்டரில் இருந்தவர் தாளைத் தொடக்கூட இல்லை. "சாலா பெஜாபாட்" என்றார், தவறான ஆபிஸ் என்று அர்த்தம். சரியான ஆபிஸ் எது என்று கேட்டதற்குப் பதில் இல்லை, அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார். நீங்கள் இப்படிக் காசைத் தொலைக்க வேண்டாம். நிறுத்தப் பணம், சம்பள பாக்கி, ஓவர்டைம், விடுப்பு எல்லாம் லேபர் ஆபிஸ் (தொழிலாளர் துறை அலுவலகம்). அநியாயமாக நீக்கிவிட்டார்கள், வேலை திரும்ப வேண்டும் என்றாலும், யூனியனை முதலாளி அங்கீகரிக்க மறுத்தாலும்தான் தொழில் உறவுத் துறை. வேலைநீக்க முறையீட்டுக்கு 60 நாள்தான் கெடு. அதைத் தாண்டினால் கதவு சாத்திவிடும்.

லேபர் ஆபிஸில் வேறு தலைவலி. வேலையில் சேர்ந்த கடிதம் எங்கே என்று கேட்டார்கள். எங்களில் யாருக்கும் கம்பெனி நகல் கொடுத்ததே இல்லை. சம்பளச் சீட்டை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புவார்கள். போன் மாற்றியவர்களுக்கு அதுவும் போனது. "சூராட் இல்லேன்னா எப்படி?" என்று அந்தக் குமாஸ்தா திருப்பி அனுப்பிவிட்டார். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்த பெண்கள் வராந்தாவில் அழுதார்கள்.

வழி காட்டியது யூனியன்காரர்தான். இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை எடுங்கள் என்றார். எந்த மாதத்துக்குப் பணம் கட்டப்பட்டது என்பது அதில் வருடம் வருடமாக இருக்கிறது. கூடவே சம்பளம் விழுந்த வங்கிக் கணக்கின் அறிக்கை. இந்த இரண்டும் சேர்ந்தால் கடிதம் இல்லாமலே வேலை செய்ததைக் காட்ட முடிகிறது. எடுத்துப் பார்த்தபோதுதான் சிலருக்கு நடுவில் சில மாதம் இ.பி.எஃப் கட்டவே இல்லை என்பதும் தெரிந்தது. அதற்குத் தனியாக இ.பி.எஃப் அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். தயவுசெய்து குத்தகை முடியும்வரை காத்திருக்காதீர்கள், இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரணை நாளில் கம்பெனி ஆள், "இவர்களே எழுதிக் கொடுத்து விலகினார்கள்" என்று கையெழுத்தான தாள்களை மேசையில் வைத்தார். யூனியன்காரர் அவற்றை வரிசையாக அடுக்கினார். எல்லாத் தாளிலும் ஒரே வாசகம், ஒரே தேதி, அச்சடித்த எழுத்து. பெயர் மட்டும் பேனாவில். எங்கள் வார்டு அக்காவைக் காட்டி, "இந்தம்மாவுக்கு மலாய் படிக்கத் தெரியாது. மறுநாள் காலையும் இதே வார்டில்தான் கூட்டினார். எங்கே விலகினார்?" என்று கேட்டார். இதை டைப் செய்தது யார் என்று அதிகாரி கம்பெனி ஆளைப் பார்த்துக் கேட்டார். பதில் வரவில்லை. அந்த மௌனத்தில் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தது இன்னும் எனக்கு உணர்வில் இருக்கிறது.

அதன்பிறகு கம்பெனி இறங்கி வந்தது. கையெழுத்துப் போடாதவர்களுக்கு முழுத்தொகை. போட்டவர்களுக்கும் பெரும்பாலும் கிடைத்தது, இரண்டு பேர் வழக்கு மட்டும் இன்னும் நடக்கிறது.

விடுப்பு இன்னும் 8 நாள்தான். புதிய கம்பெனி பழைய சேவையைக் கணக்கில் எடுக்க மறுக்கிறது. கம்பெனி மாறினாலும் சேவை வருடம் தொடர வேண்டும், சேவைக்கு ஏற்பச் சம்பளம் ஏற வேண்டும் என்று மகஜர் (கோரிக்கை மனு) எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். ஷிப்ட் முடிந்து வந்த தாதியர் சிலர் கேட்டருகில் நின்று அவர்களாகவே வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த இரண்டு பேர் விசாரணை அடுத்த மாதம். எங்கள் பகுதியில் இருப்பவர்கள் ஷிப்ட் இல்லையென்றால் லேபர் ஆபிஸுக்கு வாருங்கள். கம்பெனி ஆள் தனியாக வருவதில்லை, அவர்களும் தனியாக உட்காரக் கூடாது.