நேற்றுப் போட்ட ஊசி மட்டும்தான் காரணமா?

தருமபுரியில் நான் செவிலியராகப் பணிபுரியும் பொது மருத்துவ வார்டில், நோயாளியின் மார்பிலோ முதுகிலோ சிவந்த தடிப்பு எழும்பினால், உடனிருப்பவர்கள் முதலில் சொல்வது, "நேத்து போட்ட ஊசி ஒத்துக்கல சிஸ்டர்" என்பதுதான். ஊசி போட்ட ஒரு மணி நேரத்துக்குள் காணாக்கடி போலத் திட்டுத் திட்டாக வீங்கி அரித்தால் அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால் மருந்தால் உண்டாகும் தடிப்புகளில் மிகப் பரவலானது தட்டம்மையை ஒத்த வகை. அது பெரும்பாலும் மருந்தைத் தொடங்கிய 4 முதல் 14 நாள்களில் வெளிப்படுவதால், வார்டில் சேர்வதற்கு முன் ஊரில் விழுங்கிய மாத்திரையும் காரணமாக இருக்கலாம். வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிடாயின், கார்பமசெபின், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் போன்றவை 2 முதல் 8 வாரங்கள் கழித்தும் காய்ச்சல், முகவீக்கம், கல்லீரல் பாதிப்பு ஆகியவற்றோடு தடிப்பை உண்டாக்கக்கூடும்.

எனவே முந்தைய மாத்திரைகளின் பெயரும் தொடங்கிய தேதியும் எங்களுக்குத் தேவை. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்திலிருந்து வருபவர்கள் நீட்டும் காகிதக் கவரில், அட்டையிலிருந்து வெட்டிய இரண்டு வெள்ளை மாத்திரையும் ஒரு மஞ்சள் மாத்திரையும் கிடக்கும். பெயர் அச்சான பகுதி கடையிலேயே தங்கியிருக்கும். முழு அட்டை ஒன்று கையில் இருந்தால், பல பரிசோதனைகளைவிட அதையே நான் பெரிதாக மதிப்பேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தடிப்பைக் கண்டதும் அம்மை என்று எண்ணி, வேப்பிலை வைத்து, மாத்திரைகளை நிறுத்திவிடுகிறார்கள். மருந்து நின்றதால் தடிப்பு அடங்கிவிடுவதும் உண்டு. ஆனால் காரணம் தெரியாமலே போவதால் அதே மருந்து பிறகு மீண்டும் உள்ளே போகிறது. அரிப்பைவிட எரிச்சலும் வலியும் மிகுந்து, வாயும் உதடும் புண்ணாகி, கண் சிவந்து, தோல் கொப்புளித்து உரிந்தால், அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயாக இருக்கலாம். அந்நிலையில் வீட்டில் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. உடல் பரப்பில் 10 விழுக்காட்டுக்குள் தோல் உரிவதை அப்பெயரால் அழைப்பர். 30 விழுக்காட்டைத் தாண்டினால் அது இன்னும் கொடிய வடிவம்.

மருத்துவர் உறுதிசெய்த ஒவ்வாத மருந்தின் பெயரை டிஸ்சார்ஜ் தாளின் மேற்புறத்தில் சிவப்பு மையில் எழுதித் தருகிறேன். அதை மருந்துக்கடையில் மாத்திரை கேட்பதற்கு முன்பே காட்டச் சொல்கிறேன். மருந்தின் பக்கவிளைவை நோயாளிகளே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்புகிறேன்.