பழைய எண்ணுக்கு ஒரு போன்

"எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, இனி புதிய எண்ணில் செலுத்தவும்." இந்த மோசடி மின்னஞ்சல் பல நேரம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் வரும். நேரம் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். அதைப் பெறுகிறவர் வேலையை முடித்துக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார். பணம் வரவில்லையே என்று திங்கட்கிழமை வரை யாரும் கேட்கமாட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் கணக்காளராக, வழக்கறிஞராக, மருத்துவராக இருக்கும் நம்மவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் ஏமாந்தார் என்று தெரிந்தால், "இவ்வளவு படிச்சவருக்கா இப்படி?" என்பதுதான் முதல் கேள்வி. கேட்பவர் மனதில் இருப்பது பழைய 419 கடிதம். நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் பிரிவு எண்ணே பெயராகிவிட்ட அந்த வாரிசில்லாச் சொத்துக் கதை. இன்று வருவது வேறு. நீங்கள் ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருக்கும் அதே கடிதத்தொடரில், அதே கோப்பு எண்ணோடு, அதே கையொப்பத்தோடு வந்து நிற்கிறது.

அது அங்கே எப்படி வருகிறது? முதலில் ஒரு லிங்க்: "ஒப்பந்தப் பத்திரம் பார்வைக்கு." திறந்தால் மைக்ரோசாஃப்ட் உள்நுழைவுப் பக்கத்தின் அச்சு அசலான போலி. பாஸ்வேர்டைப் போட்டு, செல்போனில் வந்த அனுமதியையும் அழுத்திவிட்டால், திருடன் அந்த நொடியே உள்ளே. ஆனால் அவன் உடனே எதையும் செய்வதில்லை. மெயில்பெட்டியில் தானாகவே இயங்கும் ஒரு ரூல் எழுதிவைக்கிறான்: இன்வாய்ஸ், டெபாசிட் என்ற சொற்கள் உள்ள கடிதங்கள், படித்தவையாகக் குறிக்கப்பட்டு, யாரும் திறந்தே பார்க்காத ஆர்எஸ்எஸ் ஃபோல்டருக்குப் போய்விடும். பிறகு வாரக்கணக்கில் படிக்கிறான். யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், எந்தத் தேதியில் எவ்வளவு கைமாறும் என்று எல்லாம் தெரிந்துகொண்டு, பணம் கட்டும் வாரத்தில் பிடிஎஃப் கடிதத்தில் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்புகிறான். முகவரியில் 'எம்' இருந்த இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நிற்கும். செல்போனில் பெயர் மட்டும்தான் தெரியும்; பெயரைத் தொட்டால்தான் முகவரி விரியும்.

2019இல் ஜோகன்னஸ்பர்க்கில் வீடு வாங்கிய ஒருவர் இப்படித்தான் 55 லட்சம் ராண்டை இழந்தார். விற்பவர் தரப்பில் பத்திர வேலையைக் கவனித்த வழக்கறிஞர் நிறுவனத்தின் மீது அவர் போட்ட வழக்கு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. இந்த வழக்கில் என்னை உலுக்கும் விவரம் ஒன்று உண்டு. வீட்டுத் தரகருக்கு 5 லட்சம் ராண்ட் முன்பணம் கட்டும்போது, வாங்கியவர் போன் செய்து கணக்கு எண்ணைச் சரிபார்த்திருந்தார். மோசடி பற்றிய எச்சரிக்கையும் அவருக்கு வந்திருந்தது. பெரிய தொகைக்குப் போன் செய்யவில்லை. திருடன் புகுந்தது அவருடைய மெயில்பெட்டிக்குள்தான். உயர் நீதிமன்றம் 2023இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 ஜூனில் மேல்முறையீட்டில் அது மாறியது. தம்மைக் காத்துக்கொள்ள அவருக்கு வழி இருந்தது என்றது நீதிமன்றம்.

ஆகவே அறியாமை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படித்தவர்கள் காகிதத்தை நம்பப் பழகியவர்கள். லெட்டர்ஹெட், எண், தேதி எல்லாம் சரியாக இருந்தால் மனம் நிம்மதியாகிவிடுகிறது. மேலதிகாரியின் கடிதத்தைத் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. கோயில் கமிட்டிகளிலும் இதே கதிதான். காவடிக்கு முந்தின வாரம் பந்தல்காரருக்குப் பணம் அனுப்பச் சொல்லித் தலைவர் அண்ணன் பெயரில் கடிதம் வந்தால், பொருளாளர் அவரிடமே திருப்பிக் கேட்கத் தயங்குவார்.

கணக்கு எண் மாற்றம் எந்த வழியில் வந்தாலும், கோப்பில் முதன்முதலில் பதிவான பழைய எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்ல. யாரிடம், எந்த நேரத்தில் பேசினீர்கள் என்று கோப்பில் எழுதுங்கள். வங்கி அனுப்பியதுபோல் இணைக்கப்பட்ட உறுதிக் கடிதத்தை ஆதாரமாக எடுக்காதீர்கள்; அதையும் போலியாகச் செய்கிறார்கள். சாதாரண இஎஃப்டியில், அதாவது மின்னணுப் பணப் பரிமாற்றத்தில், பணம் கணக்கு எண்ணைப் பார்த்தே போகிறது, நீங்கள் எழுதும் பெயரைப் பார்த்து அல்ல. நம் வங்கிகளின் கணக்குச் சரிபார்ப்புச் சேவையில் அடையாள எண்ணோ நிறுவனப் பதிவு எண்ணோ கொடுத்தால், கணக்கு அவருடையதுதானா, திறந்து மூன்று மாதம் ஆயிற்றா என்று தெரியும். புத்தம் புதிய கணக்கு என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். வழக்கறிஞர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: தொழில்முறைக் காப்பீட்டு நிதியின் பாலிசி 2016 ஜூலையிலிருந்து சைபர் குற்ற இழப்பை ஏற்பதில்லை.

மெயில்பெட்டி களவு போயிருந்தால் பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றி, ரூல்களையும் ஃபார்வர்டு முகவரிகளையும் நீக்கி, புதிதாகச் சேர்ந்த செல்போன் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளர் விவரம் வெளியே போயிருந்தால், தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி தகவல் ஒழுங்குமுறை அலுவலகத்துக்கும் அவர்களுக்கும் சொல்லியாக வேண்டும்.

பணம் போய்விட்டதென்றால் மணிக்கணக்கு முக்கியம். வெட்கத்தில் மறுநாள் வரை யோசிப்பவர்களே மிகுதியாக இழக்கிறார்கள்; பணம் அதற்குள், திருடர்கள் பிறரிடம் வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாகச் சிதறிவிடும். முதல் போன் உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவுக்கு. பெற்ற வங்கியில் பணத்தை நிறுத்திவைக்கச் சொல்ல அவர்களால் முடியும். அடுத்து காவல் நிலையம், வழக்கு எண். அந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள், அது வந்த வழியைக் காட்டும் ஹெடரோடு சேமியுங்கள். மோசடிப் பிரிவின் எண்ணை இன்றே எழுதி மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டி வைத்தால், அந்தப் பதற்றத்தில் அதைத் தேடும் பத்து நிமிடமாவது மிஞ்சும்.