ஜம்போ ஜன்னல்: இதுவரை ஆன செலவு

போயிங் 747-இன் உடல் தகட்டில் இரண்டு ஜன்னல்களோடு வெட்டியெடுத்த துண்டு ஒன்று, உச்சிப்புளியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாய்ந்து நிற்கிறது. முழு விமானத்தையே வாங்கிக் கடலோரம் நிறுத்தி லாட்ஜ் ஆக்கினால் என்ன என்ற பேச்சில்தான் இது ஆரம்பித்தது. மச்சானும் நானும் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டோம்.

வாங்குவது பெரிய விஷயமே இல்லை. 2020-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஓய்வு கொடுத்த ஒரு 747, இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் விமான நிலையத்துக்கு வெறும் 1 பவுண்டுக்குப் போனது. அதை விருந்துக்கூடமாக மாற்ற ஆனது சுமார் 5 லட்சம் பவுண்டு. அதுவும் விமானம் தானாகப் பறந்து வந்து அங்கேயே இறங்கியதால் லாரிச் செலவு மிச்சம். 2019-இல் நெதர்லாந்தில் ஹோட்டல் தோட்டத்துக்குப் போன 747-ஐ சிஃபோல் விமான நிலையத்திலிருந்து 12 கிலோமீட்டர் சொச்சம் நகர்த்த, நெடுஞ்சாலையையே மூடி நாள்கணக்கில் ஊர்ந்தார்கள். 64 மீட்டர் இறக்கை நம்ம ராமேஸ்வரம் ரோட்டில் வருமா? வெட்டித்தான் கொண்டுவர வேண்டும். வெட்டியதைத் திரும்பச் சேர்க்க ஆள், கிரேன், ரிவெட்... மச்சான் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சரி, துண்டாவது வாங்குவோம் என்று சென்னை காயலான் கடைக்காரர் ஒருவரிடம் பேசி 22,000 ரூபாய்க்கு முடித்தேன். பார்சல் லாரிக்கு 3,500.

மண்டபத்தில் படகுக்கு ஃபைபர் பூசும் அண்ணன் வந்து விரலால் தட்டிப் பார்த்தார். "இது நம்ம காத்துக்கு ஒரு வருசம் தாங்காது தம்பி. முதல்ல உப்பை இறக்குங்க" என்றார். அனுபவசாலி பேச்சு. பழைய விமானங்களை மொஹாவி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மாதிரி வறண்ட பாலைவனங்களில் நிறுத்துவது இதற்காகத்தான். தகட்டின் அலுமினியத்தில் பலத்துக்காகச் செம்பு கலந்திருக்கும். அந்தச் செம்பே உப்புக்காற்றில் அரிப்பைக் கூட்டும். அதைத் தடுக்க மேலே மெல்லிய சுத்த அலுமினியப் படலம் உண்டு. பளபளப்புக்கு ஆசைப்பட்டு முரட்டு உப்புத்தாளால் தேய்த்தால் அந்தப் படலம் போய்விடும்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு என்பதால் கழுவுவதற்கே நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கினேன். விமானத்துக்கும் குடக்கணக்கில் தண்ணீர் வாங்குகிற ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும்!

உள்பக்கத்துப் பச்சை பிரைமரைத் தொடவில்லை. பழைய பிரைமரில் குரோமேட் என்ற ரசாயனம் இருக்கலாம், தூசி உள்ளே போனால் புற்றுநோய் ஆபத்து. அப்படியே மேலே கிளியர் கோட் அடித்துவிட்டேன். ஜன்னல் அக்ரிலிக் பிளாஸ்டிக், கண்ணாடி இல்லை. தின்னர் பட்டால் நுண்ணிய விரிசல் விழும். அதனால் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், 800-ஆம் நம்பரில் தொடங்கி நைசான 2000-ஆம் நம்பர் வரை; பிறகு பாலிஷ். முதலில் புகைபிடித்தது போல இருந்த ஜன்னல் வழியாக இப்போது எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணியின் கட்டங்களை எண்ணலாம். தாள், பாலிஷ், கிளியர் கோட் எல்லாம் சேர்த்து 4,000 தாண்டிவிட்டது.

அடுத்தது ஸ்டாண்ட். இரும்பு மலிவுதான்; ஆனால் உப்புக்காற்றில் இரும்பும் அலுமினியமும் ஒட்டி நின்றால் அலுமினியம்தான் முதலில் தின்னப்படும். அதனால் வேம்பு, நடுவே நைலான் வாஷர். ஆசாரி 5,000 கேட்கிறார். பேரம் இன்னும் படியவில்லை.