ஐந்து கோப்புகளிலிருந்து ஒரு சராசரிக் கோடு

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதியில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே இருக்கிறது எங்கள் சித்தப்பாவின் தென்னந்தோப்பு. ஊடுபயிராகக் கொக்கோ வைக்க விரும்பிய அவர், கோடை நண்பகலில் தோப்புக்குள் எவ்வளவு வெப்பம் நிலவுகிறது என்று கேட்டபோது, உத்தேசமாக ஒரு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டி.எஸ்.18பி20 என்ற வெப்பநிலை உணரி பொருத்திய பதிவுக் கருவிகளை மார்ச் மாதத்தில் ஐந்து இடங்களில் கட்டிவைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஓர் அளவு என்பதால், பத்து நாளில் ஒவ்வொரு கருவியின் கோப்பிலும் 1,440 வரிகள் சேர வேண்டும். ஒவ்வொரு வரியிலும் முதலில் விநாடிக் கணக்கில் நேரம், அடுத்து வெப்பநிலை.

வரைபடம் வரைவதற்கு க்னூப்ளாட்டை எடுத்துக்கொண்டேன். 1986 முதல் புழக்கத்தில் உள்ள மென்பொருள் இது. பெயர் அப்படி ஒலித்தாலும் க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தைச் சேர்ந்தது அன்று. பேஸ்ட் கட்டளையால் ஐந்து கோப்புகளையும் பக்கம் பக்கமாக ஒட்டி, 2, 4, 6, 8, 10 ஆகிய நெடுவரிசைகளைக் கூட்டி ஐந்தால் வகுத்தேன். ஒரே வரிக் கட்டளையில் கோடு வந்துவிட்டது. ஆனால் ஆறாம் நாள் நண்பகலில் அது 44 பாகையைத் தாண்டி ஊசிபோல் எழுந்து இறங்கியது.

தேடியபோது ஒரு கோப்பில் 85 என்ற எண் இருந்தது. மின்சாரம் கிடைத்தவுடன், முதல் அளவீடு முடிவதற்கு முன்பே படித்தால் இந்த உணரி தரும் தொடக்க எண் அது. நான்கு கருவிகள் 34 காட்ட, ஒன்று 85 காட்டினால் சராசரி 44.2 ஆகிவிடும். அந்த வரியை நீக்கிவிட்டு மேலே போயிருப்பேன். ஆனால் கருவி ஏன் புதிதாக இயங்கத் தொடங்கியது என்று பார்த்ததில்தான் பெரிய பிழை தெரிந்தது. அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் மின்கலம் தீர்ந்து, ஆறு வரிகள் பதிவாகவே இல்லை. பேஸ்ட் நேரத்தைப் பார்ப்பதில்லை, வரிகளை வரிசைப்படி மட்டுமே ஒட்டுகிறது. ஆகவே அந்த இடைவெளிக்குப் பின் வந்த நான்கு நாள்களிலும், அந்தக் கருவியின் மதியம் ஒரு மணி அளவு மற்றவற்றின் பன்னிரண்டு மணி அளவோடு சேர்ந்து சராசரியாகியிருந்தது. கோடு வழவழப்பாகவே இருந்ததால், பார்த்து ஐயப்பட வழியே இல்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

எனவே முறையையே மாற்றினேன். கேட் கட்டளையால் கோப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, 85 உள்ள வரியை அப்போதே விலக்கி, க்னூப்ளாட்டின் ஸ்மூத் யூனிக் என்ற வசதியைப் பயன்படுத்தினேன். ஒரே நேரம் கொண்ட புள்ளிகளை அது தானே சராசரியாக்கிவிடும். முதல் முயற்சியில் கோடு ரம்பப் பல்லாக வந்தது. கருவிகளின் கடிகாரங்கள் ஓரிரு நிமிடம் முன்பின்னாக இருந்ததால் எந்த இரண்டு நேரமும் சரியாகப் பொருந்தவில்லை. நேரத்தோடு 300 கூட்டி, 600ஆல் வகுத்து, பின்னத்தை விட்டு, மீண்டும் 600ஆல் பெருக்கியதும் எல்லாம் அருகிலுள்ள பத்து நிமிடத்தில் வந்து அமர்ந்தன. இம்முறையில் ஒரு கருவி விடுபட்டால் எஞ்சிய நான்கின் சராசரி கிடைக்கும். ஆனால் ஒரே இடைவெளியில் ஒரு கருவி இருமுறை பதிந்திருந்தால் அதற்கு இரட்டை எடை விழும் என்பதால், அதையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

சராசரியை மட்டும் நம்ப இனி மனம் ஒப்பவில்லை. ஐந்து கோப்புகளின் புள்ளிகளையும் மங்கலான நிறங்களில் பின்னணியாக வரைந்து, அதன்மேல் தடித்த கோட்டை இட்டேன். மேற்கு வரப்போரக் கருவியின் புள்ளிகள் மாலை மூன்று மணிக்குப் பின் நாள்தோறும் மற்றவற்றுக்கு மேலே நின்றன. தாழ்ந்த வெயில் மட்டைகளுக்கு அடியில் நுழையும் இடம் அது. அதைத் தனிக் கோடாகவும் மற்ற நான்கின் சராசரியைத் தனிக் கோடாகவும் வரைந்து சித்தப்பாவிடம் கொடுத்தேன். மேற்கு ஓரத்தில் இரண்டு வரிசையை விட்டு, உள்ளே தள்ளி நாற்று நட முடிவு செய்தார்.