மாதம் 1,800 வெள்ளி என்றார்கள்: முதியோர் குடியிருப்புக்கு உண்மையில் ஆகும் செலவு

விளம்பரத் தாளில் மாதம் 1,800 வெள்ளி. கையெழுத்துப் போடப் போகும் நேரத்தில் கூட்டிப் பார்த்தால் 2,560. நடுவில் இருக்கும் 760 வெள்ளி எங்கே ஒளிந்திருந்தது என்று கண்டுபிடிக்க சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு நான்கு நடை. அதில் இரண்டு நடை தண்டம்.

படுத்த படுக்கையானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் இல்லை இது. தானே குளித்து, உடுத்தி, நடமாட முடிகிறவர்கள் தனி அறையிலோ சின்ன வீட்டிலோ இருக்கும் குடியிருப்பு. தோட்டத்தில் வேலை ஓய்ந்ததும் லயத்தைக் காலி செய்யச் சொல்வார்கள், பிள்ளைகள் கிள்ளானிலோ ஜொகூரிலோ இருப்பார்கள், தாமான் வீட்டில் தனியாக விடவும் பயம். இப்படிப்பட்ட வீடுகளில்தான் இப்போது இந்தப் பேச்சு நடக்கிறது.

கவுண்டரில் இருந்த கிராணி அம்மா, "எல்லாம் சேர்த்துதாங்க 1,800" என்றார். அவர் சொன்ன எல்லாம் என்பது அறை, தண்ணீர், பொது இடத்து விளக்கு, குப்பை, புல் வெட்டுவது. மதியமும் இரவும் சாப்பாட்டுக்குத் தனியாக 450. ஏர்கோனுக்கு அறைக்குள்ளேயே ஒரு குட்டி மீட்டர், அது மாதம் 70 போல வரும். துணி துவைக்க 80. கட்டில் பக்கத்தில் இருக்கும் அவசர மணிக்கு 60 (மணியை அடித்தால் வருகிறவருக்குத் தனிக் காசு உண்டா என்றும் கேளுங்கள்). கிளினிக்குக்குக் கொண்டுபோய் விட ஒரு வழிக்கு 25, மாதம் இரண்டு தடவை போய் வந்தால் 100. கட்டண அட்டவணையை எழுத்தில் கேட்டபோது, "புக்கிங் கட்டினாத்தான் அந்தத் தாள் கொடுப்போம்" என்று பதில் வந்தது. அட்டவணை கைக்கு வராமல் ஒரு சென்னும் கட்டாதீர்கள். கொடுக்க மறுத்தால், அதுவே உங்களுக்கு வேண்டிய தகவல்.

முதல் நாள் கட்ட வேண்டிய தொகை வேறு. இரண்டு மாத டெபாசிட் 3,600, தண்ணீர் மின்சார டெபாசிட் அரை மாதம் 900, முதல் மாத வாடகை 1,800, திரும்பி வராத பதிவுக் கட்டணம் 500, மருத்துவ அறிக்கைக்குத் தனியார் கிளினிக்கில் 180, முத்திரைத் தீர்வை நகலோடு சேர்த்து 97. மொத்தம் 7,077. 'இரண்டு மாத டெபாசிட்தானே' என்று 3,600ஐ மட்டும் எடுத்துக்கொண்டு போனால் பாதியில் திரும்ப வேண்டியதுதான்.

தண்டமான நடைகளில் ஒன்று அந்த மருத்துவ அறிக்கையால் வந்தது. அறிக்கை 30 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், நெஞ்சு எக்ஸ்ரே முடிவும் அதில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் போனில் யாரும் சொல்லவில்லை. இன்னொன்று பொறுப்பாளியால். கையெழுத்துப் போடும் பிள்ளை 60 வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும், மூன்று மாதச் சம்பளச் சீட்டு வேண்டும், மைகாட் அசல் வேண்டும். வாடகை நின்றால் பிடிப்பது பொறுப்பாளியைத்தான். அந்தப் பத்தியைப் படிக்காமல் பேனாவைத் தொடக் கூடாது.

முத்திரைத் தீர்வையில் அவர்கள் போட்டிருந்த கணக்கே தவறு. வருஷ வாடகையில் 2,400 வெள்ளியைக் கழித்துவிட்டு 77 என்று போட்டிருந்தார்கள். அந்தக் கழிவு 2025 ஜனவரி 1 முதல் கிடையாது. 21,600ஐ 250ஆல் வகுத்தால் 86.4, மேலே ஏற்றி 87, நகலுக்கு 10. ஒரு வருஷம் வரை உள்ள ஒப்பந்தத்துக்கு 250க்கு ஒரு வெள்ளி. ஒரு வருஷத்தைத் தாண்டி மூன்றுக்குள் என்றால் மூன்று வெள்ளி, அதாவது 261. பத்து வெள்ளி வித்தியாசம்தானே என்று விட முடியாது. தீர்வை குறைவாகக் கட்டிய பத்திரம் பின்னால் டெபாசிட் தகராறில் கோர்ட்டுக்குப் போனால் கைகொடுக்காது. கையெழுத்தாகி 30 நாளுக்குள் கட்டியாக வேண்டும்.

ஆனால் பெரிய பள்ளம் வாடகையில் இல்லை, 'சுயமாக இயங்குபவர்' என்ற சொல்லில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவர்களே சோதிப்பார்கள். குளிக்கவோ கழிப்பறைக்குப் போகவோ துணை தேவை என்று எழுதிவிட்டால் 14 நாளில் பராமரிப்புப் பிரிவுக்கு மாற வேண்டும். அங்கே மாதம் 3,200, பெம்பர்ஸ் தனி. மாற மனமில்லை என்றால் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதுவரை இரண்டு அறைக்கும் வாடகை ஓடலாம். ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் அறை வாடகை நிற்காது. சாப்பாட்டுக் காசு மட்டும் ஏழு நாளுக்குப் பிறகு கழியும். சோதிப்பது யார், வெளி டாக்டரின் இரண்டாவது கருத்தை ஏற்பார்களா என்று கேட்டு எழுதி வாங்கினோம். நாலு நடையில் உருப்படியாக முடிந்த வேலை அது.

நான்கு பேரையோ அதற்கு மேலோ தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நலத்துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். வெறும் வாடகை அறைக்கு அந்தச் சான்று இல்லை என்பார்கள், சரி. அதே வளாகத்துப் பராமரிப்புப் பிரிவுக்கு உண்டா என்று கேளுங்கள். கடைசியில் போய்ச் சேரும் இடம் அதுதான்.

ஆயுள் குத்தகை முறையும் காட்டினார்கள். மொத்தமாகக் கட்டிவிட்டு, போகும்போது கழிவு போக மீதியை வாங்கிக்கொள்வது. 150,000 கட்டி வருஷம் 4 விழுக்காடு கழிந்தால் ஐந்து வருஷத்தில் 30,000 போய்விடும். மீதியும் உடனே வராது, அந்த இடத்துக்கு அடுத்த ஆள் வந்த பிறகுதான். இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்துக்கு நாமினி போட்டிருப்போமே, அதே நினைப்பில் இருக்காதீர்கள். இறந்தவர் பெயரில் இருக்கும் இந்தத் தொகையை எடுக்க வாரிசு உத்தரவு வாங்கி அலைய வேண்டும். ஒரு பிள்ளையின் பெயரையும் சேர்த்து இரட்டைப் பெயரில் கட்ட முடியுமா என்று முதலிலேயே கேட்பது நல்லது.

பணம் எத்தனை நாள் வரும்? 55 வயதுக்கான அடிப்படைச் சேமிப்பு என்று இ.பி.எஃப். வைத்திருந்த அளவு 240,000. மாதம் 1,000 வெள்ளி வீதம் 20 வருஷத்துக்கு என்று போட்ட கணக்கு அது. மாதம் 2,560 எடுத்தால் ஏழே முக்கால் வருஷத்தில் தீரும். டிவிடென்ட் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும், வாடகை ஏற்றம் அதைத் தின்றுவிடும். வருஷம் 5 விழுக்காடு ஏறினால் 1,800 ஐந்து வருஷத்தில் 2,297 ஆகிவிடும். பால்மரம் வெட்டிச் சேர்த்த கணக்கில் 240,000 எத்தனை பேருக்கு இருக்கும் என்பது வேறு கதை. 2024இன் டிவிடென்ட் 6.30 விழுக்காடு, அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியே எடுக்காமல் மாதாமாதம் எடுப்பதே மேல். பழைய டிரங்குப் பெட்டியில் கூட்டுறவுச் சங்கப் பங்குப் பத்திரம் கிடந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள்.

வருமான வரியில் கழிக்கலாம் என்று ஒருவர் ஆசை காட்டினார். பெற்றோர் மருத்துவச் செலவுக்கு 8,000 வெள்ளி வரை கழிவு உண்டு, ஆனால் டாக்டர் சான்று வேண்டும், செலவு சிகிச்சைக்கோ பராமரிப்புக்கோ ஆனதாக இருக்க வேண்டும். வெறும் அறை வாடகை ரசீதை வைத்துக்கொண்டு அதைக் கேட்க முடியாது.

காசு மிச்சமான ஒரே இடம் மருந்து. சுங்கை சிப்புட் அரசாங்கக் கிளினிக்கின் மருந்துக் கவுண்டரில் எஸ்.பி.யு.பி. என்று சொன்னால், அடுத்த மாதத்துப் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைக் குடியிருப்புக்குப் பக்கத்திலுள்ள அரசாங்கக் கிளினிக்கிலேயே வாங்க ஏற்பாடு செய்துவிடுவார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. மருந்துக்காக இங்கே வந்து போகும் கார் செலவு அதோடு நின்றது.

கடைசியாக இரண்டு. அறையில் குத்துவிளக்கும் சாம்பிராணியும் கூடாது, புகை மணி அடித்தால் அபராதம். பேட்டரி விளக்கு வாங்கிக்கொண்டு போங்கள். டெபாசிட் ரசீதில் 'அட்வான்ஸ்' என்று எழுதிக் கொடுத்தார்கள், வாங்கிக்கொள்ளவில்லை. 'திரும்பத் தரும் டெபாசிட், காலி செய்து 30 நாளுக்குள்' என்று அதே தாளில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவி கைக்கு வந்தது.