'ஹோப் டு'வுக்கும் 'ப்ளான் டு'வுக்கும் நடுவில் ஒரு ஷிப்மென்ட்

திருப்பூரில் மெர்ச்சன்டைசர் வேலை, அதாவது ஏற்றுமதி ஆர்டரை ஆரம்பம் முதல் கடைசிவரை கவனிக்கும் வேலை என்றால் பாதி துணியோடு, மீதி மெயிலோடு. நூல் வாங்குவதில் ஆரம்பித்து நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பெட்டி தூத்துக்குடிக்குக் கிளம்பும்வரை இங்கே நடக்கும் எதையும் நேரில் பார்க்காத பயர், அதாவது சரக்கை வாங்குபவர், எங்கேயோ ஐரோப்பாவில் உட்கார்ந்துகொண்டு, நாம் எழுதும் நாலு வரி ஆங்கிலத்தை வைத்துத்தான் தன் கடைக்குச் சரக்கு எப்போது வரும் என்று முடிவு செய்கிறார். அந்த நாலு வரியில் 'டு'வுக்கு முன்னால் எந்த வினைச்சொல் நிற்கிறது என்பதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்கு அதுதான் காரணம்.

நேரில் பேசும்போது இந்தப் பிரச்சினை வருவதில்லை. சாயப்பட்டறைக்காரர் "வெள்ளிக்கிழமை குடுத்துப்போடலாம் அம்மிணி" என்று சொன்னால், அவர் குரலை வைத்தே அது வெள்ளிக்கிழமையா, அடுத்த செவ்வாயா என்று தெரிந்துவிடும். மெயிலில் குரல் கிடையாது. ஆசை, நம்பிக்கை, திட்டம், வாக்கு எல்லாவற்றையும் அந்த ஒரு வினைச்சொல்லே சொல்லியாக வேண்டும்.

'வி வான்ட் டு ஷிப் ஆன் ஃப்ரைடே' என்றால் அது வெறும் விருப்பம். பயருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. 'ஹோப் டு' என்றால் அதே விருப்பம்தான், ஆனால் காரியம் முழுக்க நம் கையில் இல்லை என்பதும் சேர்ந்தே போய்விடும். 'எக்ஸ்பெக்ட் டு' என்று எழுத ஒரு ஆதாரம் வேண்டும், துணி கட்டிங்குக்கு வந்துவிட்டது என்பது மாதிரி. 'ப்ளான் டு' என்றால் தையல் லைன் ஒதுக்கியாயிற்று, தேதி குறித்தாயிற்று. 'இன்டெண்ட் டு' கிட்டத்தட்ட அதேதான், கொஞ்சம் சட்டை இன் பண்ணிக்கொண்டு வரும், அவ்வளவு வித்தியாசம். 'அக்ரீ டு', 'ப்ராமிஸ் டு' இரண்டையும் எங்கள் டீமில் யாரும் முதலாளியைக் கேட்காமல் எழுதக் கூடாது என்று வைத்திருக்கிறேன். ஏனென்றால் நாம் சொன்ன தேதியை நம்பிக் கடையில் இடம் ஒதுக்கிவிட்டு அவர்கள் காத்திருப்பார்கள், நாம் தாமதித்தால் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும், அந்தச் செலவு பெரும்பாலும் ஏற்றுமதியாளர் தலையில்தான் விழும்.

இதை எனக்கு ஒரு புத்தகமும் சொல்லித்தரவில்லை. நொய்யலில் சாயக் கழிவு கலக்கும் வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் இங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, அந்த மாதங்களில் ஏற்றுமதி வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும், பயருக்கு என்ன தேதி சொல்வது என்பதே பெரும்பாடாக இருந்தது. நிட்டிங் முடிந்து துணி கிடக்கும், சாயம் போட இடம் இருக்காது, வெளியூருக்கு அனுப்பினால் எப்போது திரும்பும் என்று அனுப்பியவருக்கே தெரியாது. அப்போது எனக்கு மேலே இருந்த அண்ணா ஒருவர் 'ப்ளான் டு' என்று யாரையும் எழுத விடமாட்டார். "துணி எந்த ஊர்ல இருக்குதுன்னே தெரியாம என்னத்த ப்ளான்?" என்பார். 'வி ஹோப் டு ரிசீவ் த டைடு ஃபேப்ரிக்' என்று எழுதி, அடுத்த வரியிலேயே ஏன் ஹோப் என்று காரணமும் எழுத வைப்பார். அந்த இரண்டாவது வரிதான் பயர்களைப் பிடித்து நிறுத்தியது என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன்.

இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்கு, தாராபுரம், காங்கயம், கோபி பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் பிள்ளைகள்தான் அதிகம், நான் தமிழிலிருந்தே ஆரம்பித்துச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் படித்திருப்பார்கள். 'அனுப்ப நினைக்கிறோம்', 'அனுப்ப விரும்புகிறோம்' என்பதில் வரும் 'அனுப்ப' அதுதான். ஆங்கிலத்தில் வரிசை மட்டும் தலைகீழ். நினைப்பவரும் அனுப்புபவரும் ஒரே ஆளாக இருக்கிறவரை யாரும் தடுமாறுவதில்லை. ஆள் மாறும்போதுதான் சிக்கல். 'நீங்கள் சாம்பிளை அப்ரூவ் செய்ய வேண்டும் என்று விரும்புகிறோம்' என்று தமிழில் 'என்று' போடுகிறோம், அந்தப் பழக்கத்திலேயே 'வி வான்ட் தட் யூ ஷுட் அப்ரூவ்' என்று கை எழுதிவிடுகிறது. 'வி வான்ட் யூ டு அப்ரூவ்' என்பதுதான் சரி. சரி என்றாலும் பயரிடம் அது கட்டளை மாதிரி ஒலிக்கும், அதனால் 'வி வுட் லைக் யூ டு' என்று போடச் சொல்வேன். 'ஹோப்' மட்டும் இந்த அச்சுக்குள் வராது, 'வி ஹோப் யூ டு அப்ரூவ்' என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை, 'வி ஹோப் யூ வில் அப்ரூவ்' என்றுதான் வரும். 'சஜஸ்ட்' பின்னாலும் 'டு' ஒட்டாது. 'வி சஜஸ்ட் யூசிங் எ ஹெவியர் ரிப்' என்று போக வேண்டும். இதற்கெல்லாம் விதி தேடி நேரத்தை விடுவதை விட, வரும் மெயில்களில் பயர் எப்படி எழுதுகிறார் என்று கவனிப்பது மேல்.

'டு' போடுவதா 'இங்' போடுவதா என்பது சில இடங்களில் விளையாட்டுக் காரியமே இல்லை. ஒருமுறை ஒரு பயர் ஷேட் சரியில்லை, கட்டிங்கை நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தார். பதில் எழுதிய தம்பி 'வி ஹேவ் ஸ்டாப்டு டு கட்' என்று அடித்து, அனுப்பும் முன் என்னிடம் காட்டினான். மற்ற வேலையை நிறுத்திவிட்டு இதை வெட்டுகிறோம் என்றல்லவா அர்த்தம் போகும்? 'ஸ்டாப்டு கட்டிங்' என்று மாற்றிய பிறகு போனது. 'மேனேஜ்' இன்னொன்று. இங்கே 'மேனேஜ் பண்ணிக்கலாம்' என்றால் எப்படியாவது ஒப்பேற்றலாம் என்று அர்த்தம். அங்கே 'வி மேனேஜ்டு டு ஷிப்' என்றால் சிரமப்பட்டாவது சரக்கு போய்விட்டது என்று அர்த்தம். போகாத சரக்குக்கு அதை எழுதினால் அது பொய்.

இறந்தகாலத்தில் இன்னும் கவனம் வேண்டும். 'வி ஹோப்டு டு ஷிப்', 'வி ப்ளான்டு டு ஷிப்' என்று பார்த்ததுமே பயர் போகவில்லை என்று எடுத்துக்கொள்வார், அடுத்த வரி எதுவாக இருந்தாலும் மனசு அங்கேயே நின்றுவிடும். நடக்காததை அப்படித் தொடங்குவதில் தவறில்லை. ஆனால் உடனே புதுத் தேதியும் அதற்குத் தகுந்த வினைச்சொல்லும் வர வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, நம் எண்ணத்தைச் சொல்வதை விட்டு அவர்கள் எண்ணத்தைக் கேட்பது. போன தீபாவளி லீவு முடிந்து வெளிமாநிலத் தொழிலாளர்கள் பாதிப் பேர் திரும்பவில்லை, வெள்ளை டீ-ஷர்ட் ரெடி, நேவி இன்னும் தையலில். என்ன எழுதுவது என்று எல்லோரும் முழித்துக்கொண்டிருந்தபோது, டீமில் இளையவள், "ஏனுங்க்கா, அவங்களையே கேட்டுட்டா என்னங்க்கா?" என்றாள். 'வுட் யூ லைக் அஸ் டு ஷிப் த ஒயிட் ஃபர்ஸ்ட்?' என்று ஒரே கேள்வி, கீழே நேவிக்கு 'எக்ஸ்பெக்ட் டு' போட்டு ஒரு தேதி. சாயங்காலமே பதில் வந்தது, வெள்ளையை அனுப்புங்கள், நேவி அடுத்த கப்பலில் வரட்டும் என்று.