உங்கட விருப்பம்

"உங்கட விருப்பம், அண்ணை" என்று அன்று நான் சொன்ன மூன்று சொற்களுக்குப் பதிலாக "வேண்டாம்" என்ற ஒரே சொல்லைச் சொல்லியிருக்கலாம். திருகோணமலைக் கடலில் வழிகாட்டியாகப் படகேறிய ஆறு பருவங்களில் எத்தனையோ காலைகள் மறந்துவிட்டன. அந்தக் காலை மட்டும் மறக்கவில்லை.

தாயும் குட்டியுமாக இரண்டு நீலத் திமிங்கிலங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றோம். 2012 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் 100 மீற்றருக்குள் நெருங்கக் கூடாது என்கின்றன. கரையில் படகேறுமுன் தினமும் பயணிகளுக்கு அதைச் சொல்பவன் நான்தான். தாயின் மூச்சு, பேருந்து நிற்கும்போது காற்று விடுவதைப் போலக் கனமாகக் கேட்டது. குட்டியின் மூச்சு மெல்லியது, அவசரமானது. வேறு நான்கு படகுகள் எங்களைவிடக் கிட்ட நின்றன. மூன்று மணி நேரம் அலையில் வாடியிருந்த குடும்பத்தின் தலைவர் அவற்றைக் காட்டி, "அவர்கள் போகலாம், நாங்கள் போகக் கூடாதா?" என்று கேட்டார். ஓட்டி அண்ணை எஞ்சினில் கை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, கிட்ட விடவா, இல்ல இப்பிடியே நிப்பமா?"

நான் அந்த மூன்று சொற்களைச் சொன்னேன். அவர் ஒரு கணம் காத்திருந்துவிட்டுக் கயிற்றை இழுத்தார்.

ஏறத்தாழ நாற்பது மீற்றர் தூரத்தில் தாய் முதுகை வளைத்து, வாலை உயர்த்தி இறங்கியது. குட்டி வாலைத் தூக்காமலே அதன் பின்னால் வழுக்கிப் போனது. எண்ணெய் ஊற்றியதுபோல் வழுவழுப்பான ஒரு வட்டம் மட்டும் நீரில் மிதந்தது. பத்து நிமிடமளவில் மேலே வந்துவிடும் என்று பயணிகளுக்குச் சொன்னேன். நெடுநேரம் காத்திருந்தும் அவற்றை மறுபடி காணவில்லை.

எங்களால்தான் போயினவா என்று எனக்குத் தெரியாது. இரை தேடியும் இறங்கியிருக்கலாம். இவை அந்தாட்டிக்காவுக்குப் போய்வரும் கூட்டமல்ல, எங்கள் வெதுவெதுப்பான கடலிலேயே ஆண்டு முழுவதும் இரையுண்டு வாழ்பவை. நாங்கள் போகாவிட்டாலும் அந்த நான்கு படகுகள் அங்கேதான் நின்றிருக்கும். தெற்கே தேவேந்திரமுனைக்கு அப்பால் பெருங்கப்பல்கள் திமிங்கிலங்களை மோதிக் கொல்வதையும், எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் 2022 இல் தன் கப்பல்களை ஏறத்தாழ 15 கடல்மைல் தெற்கே தள்ளிச் செல்லச் செய்த பிறகும் மற்றவற்றில் பல பழைய பாதையிலேயே போய்வந்ததையும் நினைத்து, ஒரு சிறிய படகின் அறுபது மீற்றர் எம்மாத்திரம் என்று பல நாள் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். ஆனால் கப்பலின் மேல்தளத்தில் நிற்பவர் அந்தக் குட்டியைக் கண்டிருக்கமாட்டார். நான் கண்டேன்; அதன் மூச்சையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முடிவை அவரிடம் விட்டது மரியாதை என்றுதான் அப்போது எண்ணினேன். படகும் அதன் கடனும் அவருடையவை, அன்பளிப்புக் கிடைக்காவிட்டால் நட்டமும் அவருக்கே. இப்போது அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கும்போது அது வேறு விதமாக ஒலிக்கிறது. அவர் அனுமதி கேட்கவில்லை, மறுப்பைக் கேட்டார். "வழிகாட்டி விடுறார் இல்ல, சட்டம் அப்பிடி" என்று பயணிகளிடம் சொல்வதற்கு அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அதைக் கொடுக்கத்தான் நான் அந்தப் படகில் இருந்தேன்.

அப்படிச் சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு கிழமை கழித்து, ஒரு விடுதியிலிருந்து வந்த வேறொரு குழுவிடம் கண்டிப்பாக மறுத்தேன். அவர்கள் முறைப்பாடு செய்தார்கள். அடுத்த முறை அந்த விடுதியின் விருந்தினர் வேறு படகில் ஏறினார்கள். அந்தப் படகு நாங்கள் போனதைவிடவும் கிட்டப் போனதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். அன்று என் மறுப்பால் திமிங்கிலத்துக்கு என்ன கிடைத்தது என்பதற்கு என்னிடம் விடையில்லை. அதற்காக முந்திய மௌனம் நியாயமாகிவிடுமா என்று கேட்டால், அதற்கும் இல்லை.

இந்தப் பருவத்திலும் அதே அண்ணையுடன்தான் போகிறேன். அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதில்லை. நீர்ப்பீச்சல் தெரிந்ததும் அவராகவே ஒரு தூரத்தில் எஞ்சினை நிறுத்திவிடுகிறார். சில நாள் அது நூறு மீற்றருக்கு மேல் இருக்கும், சில நாள் குறைவாகவும் இருக்கும். இப்போது அவர் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.